கோள்களுக்கு இசையமைத்த பாட்டு வாத்தியார்

உங்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு இருந்ததா? இருந்திருந்தால் அதன் கதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாரத்துக்கு ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதுதான் பாட்டு டீச்சர் ஒருவர் இருப்பதே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கடவுள் வாழ்த்து, வரவேற்புப் பாடல், நன்றிப் பாடல்... விழா முடிந்ததும் ஆர்மோனியம் மறுபடியும் அலமாரிக்குப் போய்விடும்.

இது அப்படி ஒரு பாட்டு வாத்தியாரின் கதை. லண்டனில் ஒரு பெண்கள் பள்ளியில் 1905-ல் வேலைக்குச் சேர்ந்தார். 1934-ல் இறக்கும்வரை அந்தப் பள்ளியின் இசை ஆசிரியர் அவர்தான். நடுவில் உலகப் புகழ் தேடி வந்தது. அவர் இசையை எழுதிய இசைக்குழுக்கள் எல்லாம் வாசித்தன, பத்திரிகைக்காரர்கள் துரத்தினார்கள். அவரோ மறுநாள் காலை வழக்கம்போல மாணவிகளின் பாட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

அவர் பெயர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட்.

ஆங்கில விண்வெளிப் படங்களில் கப்பல்கள் அணிவகுக்கும்போது ஒலிக்கும் அந்த அதிரடி இசையை நினைத்துப் பாருங்கள். அந்தப் பாணிக்கு முன்னோடி என்று இசை அறிந்தவர்கள் சுட்டிக்காட்டுவது ஹோல்ஸ்டின் ‘தி பிளானெட்ஸ்’. கோள்களைப் பற்றிய ஏழு பகுதிகள் கொண்ட இசைக் கோவை. அதை அவர் எழுதியது பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூட அறையில், விடுமுறை நாட்களில்.

வலித்த கை

இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் 1874 செப்டம்பர் 21-ல் பிறந்தார் ஹோல்ஸ்ட். அப்பா பியானோ ஆசிரியர். அம்மாவும் பியானோ வாசிப்பார், பாடுவார். ஹோல்ஸ்டுக்கு ஏழு வயதாக இருந்தபோது அம்மா காலமானார். பையனுக்கு ஆஸ்துமா, பார்வையும் மங்கல். மகனைப் பெரிய பியானோ கலைஞனாக்க வேண்டும் என்பது அப்பாவின் கனவு.

அந்தக் கனவு பதினேழு, பதினெட்டு வயதிலேயே உடைந்தது. வலது கையில் நரம்பு அழற்சி. சில மணி நேரம் வாசித்தாலே கை முழுக்க வலி. பியானோ கலைஞனாக முடியாது என்பது தெளிவாகிவிட்டது. அந்த வலி கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

பிறகு அவருக்குத் துணையானது டிராம்போன். பித்தளையில் செய்த, குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற வாத்தியம். ஊதினால் ஆஸ்துமாவுக்கு நல்லது என்பது அப்பாவின் எண்ணம். இதற்கிடையில் ஒரு சின்னக் கிராமத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டே பாடகர் குழுவையும் நடத்தினார். பாடத் தெரியாதவர்களைச் சேர்த்துவைத்துப் பாடவைப்பதில் உள்ள சந்தோஷத்தை அங்கேதான் முதலில் கண்டார்.

1893-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கில் சேர்ந்தார். முதல் ஆண்டுச் செலவுக்கு அப்பா உறவினரிடம் கடன் வாங்கினார். கையில் காசு இல்லாததால் லண்டனிலிருந்து ஊருக்குச் சில சமயம் நடந்தே போவாராம், டிராம்போனை முதுகில் மாட்டிக்கொண்டு. வழியில் வயல்வெளியில் நின்று சாதகம் செய்ததில், “உன் சத்தத்தைக் கேட்டு என் ஆடுகள் நாள் ஆகும் முன்பே குட்டி போடுகின்றன” என்று ஒரு விவசாயி சண்டைக்கு வந்ததாக ஒரு கதை உண்டு.

கடற்கரை ஊர்களில் பேண்டு வாத்தியக் குழுக்களோடு ஊதினார். நாடகக் கம்பெனி இசைக்குழுவில் ஊதினார். இடையில் லண்டனில் ஹேமர்ஸ்மித் சோஷலிஸ்ட் பாடகர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார். அந்தக் குழுவில் பாட வந்த இசபெல்லைத்தான் 1901-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

அகராதியோடு ரிக் வேதம்

நமக்கு வியப்பூட்டும் ஒரு விஷயம் இங்கே உண்டு. இந்த டிராம்போன்காரர் சம்ஸ்கிருதம் படித்தார்!

1899 வாக்கில் ரிக் வேதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அவர் கண்ணில் பட்டது. பாடல்களுக்கு இசையமைக்க ஆசை. ஆனால் மொழிபெயர்ப்புகள் எதுவும் வாயில் பாடும்படி இல்லை. ‘சரி, நாமே மொழிபெயர்த்துவிடுவோம்’ என்று முடிவு செய்து, லண்டனில் மேபெல் போட் என்ற பெண் அறிஞரிடம் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். பண்டிதர் ஆகவில்லை. அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லாகப் பொருள் தேடும் அளவுக்கு வந்தார்.

அந்த உழைப்பில் பிறந்தவை ரிக் வேதப் பாடல்களுக்கான நான்கு தொகுப்பு சேர்ந்திசைகள். காளிதாசரின் மேகதூதத்தையும் சேர்ந்திசைப் படைப்பாக்கினார். சத்தியவான் சாவித்திரி கதையை 1908-ல் குட்டி ஓபரா ஆக்கினார். மேடையில் மூன்றே பேர்: சாவித்திரி, சத்தியவான், எமன். வாத்தியக்காரர்கள் பன்னிரண்டு பேர். மேடைக்குப் பின்னாலிருந்து, சொற்களே இல்லாமல், பெண்களின் குரல்கள் மட்டும் மிதந்து வரும்.

கண்ணுக்குத் தெரியாத பெண் குரல்கள். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

“கஷ்டமானதைக் கொடுங்கள், பாடுவார்கள்”

சம்ஸ்கிருதமும் ஓபராவும் வயிற்றை நிரப்பாதே! டிராம்போன் ஊதிக் கிடைத்த வருமானத்தை விட்டுவிட்டு இசை எழுத உட்கார்ந்தபோது, வீட்டுச் செலவுக்கு வழி வேண்டியிருந்தது. அதனால்தான் ஆசிரியர் வேலை. 1905-ல் ஹேமர்ஸ்மித் பகுதியின் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளி. பள்ளி தொடங்கி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1907-ல் மார்லி கல்லூரியும் சேர்ந்துகொண்டது. பெயர்தான் கல்லூரி. உண்மையில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் சாதாரண மனிதர்களுக்கான மாலை நேரப் பள்ளி.

அன்றைய பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு எப்படி இருந்திருக்கும்? மெல்லிசாக, இனிப்பாக, சபையில் அப்பா அம்மா கைதட்டுவதற்கு ஏற்றதாக. ஹோல்ஸ்ட் அந்தப் புத்தகங்களை ஒதுக்கி வைத்தார். பாக், பர்செல் போன்ற மேதைகளின் சேர்ந்திசைகளையும், பதினாறாம் நூற்றாண்டு தேவாலய இசையையும் நேராகக் கொண்டுவந்து வைத்தார்.

நம் பள்ளிகளில் கூட்டாகப் பாடும்போது பொதுவாக எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவோம். மேற்கத்திய சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு தனித்தனி மெட்டுகள் ஓடும். பக்கத்தில் நிற்பவள் வேறொன்றைப் பாடிக்கொண்டிருப்பாள். அவளைக் கேட்கவும் வேண்டும், நம் வழியை விட்டுவிடவும் கூடாது. இதற்குப் பழக்க ஹோல்ஸ்ட் அதிகம் நம்பியது சுற்றுப் பாடல்களை. ஒரு குழு முதல் வரியைத் தொடங்கும். அவர்கள் இரண்டாம் வரிக்குப் போகும்போது அடுத்த குழு முதல் வரியைப் பிடிக்கும். அதன் பின்னால் மூன்றாவது குழு. விளையாட்டுப் போலத்தான் இருக்கும். காது கூர்மையாகிவிடும்.

பாடப்புத்தகம் வைத்து இலக்கணம் நடத்துவதிலும், பரீட்சை மார்க்கிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பாடித்தான் பாட்டைக் கற்க வேண்டும் என்பார். செய்யத் தகுந்த காரியம் என்றால் அதை மோசமாகவாவது செய்துவிட வேண்டும் என்பது அவருக்குப் பிடித்த வாசகம். அது அலட்சியம் அல்ல. ‘எனக்கு நன்றாக வராது’ என்று பின்வரிசையில் ஒதுங்குபவரை முன்னால் இழுத்து வரும் வழி.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். மார்லி கல்லூரியில் இந்தக் கண்டிப்பு பிடிக்காமல் முதலில் ஆட்கள் குறைந்தார்கள். அவர் இறங்கி வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் திரும்பி வந்தது. பர்செல் எழுதிய ‘ஃபேரி குயின்’ என்ற படைப்பு, அவர் 1695-ல் இறந்த சிறிது காலத்திலேயே தொலைந்துபோய், இருநூறு ஆண்டுக்குப் பின் கிடைத்திருந்தது. அதை அரங்கேற்ற வேண்டுமானால் பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் தனித்தனிப் பிரதி வேண்டும். மார்லி மாணவர்கள் 28 பேர் உட்கார்ந்தார்கள். வேலை முடிந்து வந்த நேரத்தில் 1,500 பக்கங்களைக் கையால் எழுதி முடித்தார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை ஆண்டு ஆனது. 1911-ல் அதை அவர்களே பாடினார்கள்.

சத்தம் வராத அறை

வாரம் முழுக்கப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் சொந்த இசையை எப்போது எழுதுவார்? சனி, ஞாயிறு. பிறகு ஆகஸ்ட் மாத விடுமுறை. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த நேரம்.

1913-ல் செயின்ட் பால்ஸ் பள்ளியில் இசைக்கென்று புதிய கட்டடம் திறந்தார்கள். அதில் ஹோல்ஸ்டுக்காகவே வெளிச் சத்தம் உள்ளே வராத ஓர் அறை. நன்றிக்கடனாகப் பள்ளியின் மாணவிகள் வாசிப்பதற்கென்று அவர் எழுதியதுதான் ‘செயின்ட் பால்ஸ் சூட்’. இன்றும் உலகெங்கும் மாணவர் இசைக்குழுக்கள் வாசிக்கிற வயலின் குடும்ப இசை அது.

அந்த அறையில்தான் கோள்களும் பிறந்தன. அந்த ஆண்டு ஸ்பெயின் பக்கம் சுற்றுலா போனபோது கிளிஃபர்ட் பாக்ஸ் என்ற எழுத்தாள நண்பர் அவருக்கு ஜோதிடத்தை அறிமுகம் செய்தார். பிடித்துக்கொண்டது. நண்பர்களுக்கு ஜாதகம் கணிக்கும் அளவுக்குப் போனார். ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு குணம் என்ற எண்ணம் இசையாக வளர்ந்தது. செவ்வாய் போரைக் கொண்டு வருபவன். வெள்ளி சமாதானம் தருபவள். புதன் சிறகுள்ள தூதன். வியாழன் மகிழ்ச்சி. சனி முதுமை. யுரேனஸ் மந்திரவாதி. நெப்டியூன் ஞானி. நாம் சனி என்றாலே எள் விளக்கு ஏற்ற ஓடுவோம். ஹோல்ஸ்டுக்கு ஏழில் மிகப் பிடித்தது சனிதான்!

1914-ல் தொடங்கியது. முதல் உலகப் போர் வெடிக்கும் முன்பே செவ்வாயின் போர் இசை அவர் மனதில் உருவாகிவிட்டது. ஆனால் அதைத் தாளில் இறக்க ஒரு கை வேண்டுமே? பெரிய இசைக்குழுவுக்கான ஒரு பக்கம் என்றால், இருபது முப்பது வரிசைகளில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனிக் குறியீடு. வலது கையில் பேனா பிடித்தாலே வலி என்றால் என்ன செய்வது?

பள்ளி கை கொடுத்தது. உண்மையாகவே கை. உடன் வேலை பார்த்த இசை ஆசிரியைகள் வாலி லாஸ்கர், நோரா டே இருவரும், முன்னாள் மாணவி ஜேன் ஜோசப்பும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினார்கள். எழுதியதை இரண்டு பியானோக்களில் வாசித்துக் காட்டினார்கள். ‘நான் நினைத்தது இதுதானா?’ என்று அவர் கேட்டுத் திருத்தினார். இரண்டு ஆண்டுக்கும் மேலாக இப்படியே நடந்தது.

நடுவில் தாக்ஸ்டெட் என்ற கிராமத்துத் தேவாலயத்தில் 1916-ல் ஒரு விழா. செயின்ட் பால்ஸ் மாணவிகள், மார்லியின் உழைப்பாளி மாணவர்கள், கிராமத்து ஜனங்கள் என்று எல்லோரையும் ஒன்றாக நிறுத்திப் பாடவைத்தார். லண்டனின் வசதியான வீட்டுப் பெண்ணும், பகலெல்லாம் உழைத்துக் களைப்பவரும் ஒரே வரிசையில். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

1918, ஒரு ஞாயிற்றுக்கிழமை

உடல்நிலை சரியில்லை என்று ராணுவம் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போரின் கடைசி மாதங்களில், கிரேக்க நாட்டின் சலோனிகாவில் இருந்த படைவீரர்களுக்கு இசை சொல்லிக்கொடுக்கும் பணி ஒய்.எம்.சி.ஏ. மூலம் கிடைத்தது. அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் முழுப்பெயர் ‘வான் ஹோல்ஸ்ட்’. ஜெர்மானியர் பெயர் போல ஒலித்ததால் ‘வான்’ என்பதைச் சட்டப்படி நீக்கிக்கொண்டார்.

புறப்படும் முன் நண்பர் பால்ஃபர் கார்டினர் ஒரு பரிசு தந்தார். குவீன்ஸ் ஹால் அரங்கமும் முழு இசைக்குழுவும் ஒரு ஞாயிறு காலை முழுக்க ஹோல்ஸ்டுக்கு! தேதி 1918 செப்டம்பர் 29. அவசரம் அவசரமாகப் பிரதிகளை எழுதித் தள்ளினார்கள் அந்த மூன்று பெண்களும். இளைஞர் ஏட்ரியன் போல்ட் இசைக்குழுவை நடத்தினார். ஒத்திகைக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ‘வியாழன்’ வாசித்தபோது, அரங்கைக் கூட்டிக்கொண்டிருந்த பணிப்பெண்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நடைபாதையில் ஆடினார்கள் என்று சொல்வார்கள்.

கடைசிப் பகுதி ‘நெப்டியூன்’. அதில் பெண்களின் சேர்ந்திசை வரும். சொற்கள் கிடையாது. பாடகிகள் மேடையிலும் இருக்கக் கூடாது. பக்கத்து அறையில் நின்று பாட வேண்டும். முடியும் நேரத்தில் அந்த அறையின் கதவை மெல்ல, ஓசை எழாமல் மூட வேண்டும். குரல்கள் தூரத்தில் கரைந்து காணாமல் போகும்வரை கடைசி அடியைத் திரும்பத் திரும்பப் பாட வேண்டும். அப்படித்தான் எழுதிவைத்திருந்தார் ஹோல்ஸ்ட்.

அன்று கதவுக்குப் பின்னால் நின்று பாடியவர்கள் யார்? தொழில்முறைப் பாடகிகள் அல்ல. செயின்ட் பால்ஸ் பள்ளியிலும் மார்லி கல்லூரியிலும் அவரிடம் படித்த பெண்கள்.

புகழ் வந்தது, மணியும் அடித்தது

போர் முடிந்து 1919-ல் ஊர் திரும்பினார். அடுத்த சில ஆண்டுகளில் ‘தி பிளானெட்ஸ்’ அவரை இங்கிலாந்தின் பிரபலங்களில் ஒருவராக்கியது. அவருக்கு அது பிடிக்கவே இல்லை. பேட்டி கொடுக்க மாட்டார். ஆட்டோகிராஃப் கேட்டால், ‘நான் ஆட்டோகிராஃப் போடுவதில்லை’ என்று டைப் செய்து வைத்திருந்த சீட்டை நீட்டுவாராம்.

பள்ளி, மாலை நேரக் கல்லூரி, ராயல் காலேஜ், ரெடிங் நகரக் கல்லூரி என்று ஓடிக்கொண்டே இருந்தார். ஓட்டத்துக்கு உடல் கணக்குக் கேட்டது. 1923-ல் ரெடிங்கில் ஒத்திகையின்போது மேடையிலிருந்து பின்பக்கமாக விழுந்து தலையில் அடி. அதையும் தாங்கிக்கொண்டு வேலை பார்த்ததில் உடல் முற்றாக ஓய்ந்தது. ‘எல்லாவற்றையும் நிறுத்துங்கள்’ என்றார்கள் டாக்டர்கள். 1924 முழுக்க தாக்ஸ்டெட் கிராமத்தில் ஓய்வு. சொல்லிக்கொடுப்பது அவருக்குச் சந்தோஷம் தந்தது உண்மை. இசை எழுத வேண்டிய நேரத்தையும் தெம்பையும் அது தின்றதும் உண்மை.

1925-ல் திரும்பி வந்தபோது ஆசிரியர் வேலைகளை விட்டார், ஒன்றைத் தவிர. செயின்ட் பால்ஸ். அதை மட்டும் விட மனம் வரவில்லை.

அவரது மாணவிகளில் மிகச் சிறந்தவர் என்று அவரே மதித்த ஜேன் ஜோசப், தானும் இசையமைப்பாளர். 1929-ல் 34 வயதில் இறந்துபோனார். தன் கையாக இருந்தவரை இழந்த அந்த இழப்பு ஹோல்ஸ்டுக்குப் பெரிது.

1932-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அழைத்தது. போனார், அங்கே நோயுற்றார், திரும்பினார். அதன்பின் உடல் தேறவே இல்லை. படுக்கையிலும் மருத்துவமனையிலுமாக இருந்த 1933-ல் அவர் எழுதியவற்றில் ஒன்று ‘புரூக் கிரீன் சூட்’. பள்ளி இருக்கும் இடத்தின் பெயர் புரூக் கிரீன். யாருக்காக எழுதினார் தெரியுமா? பள்ளியின் இளைய மாணவிகள் இசைக்குழுவுக்காக. 1934 மார்ச்சில் அந்தக் குழந்தைகள் வாசித்தார்கள். அவர் உட்கார்ந்து கேட்டார். மே 25-ல், அறுவை சிகிச்சைக்குப் பின் இதயம் நின்றுபோனது. வயது 59.

மகள் இமோஜென், அப்பாவின் பள்ளியிலேயே படித்தவர். அவரும் ஆசிரியையானார், அப்பாவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 1950 இறுதியில் இந்தியா வந்து, தாகூரின் சாந்திநிகேதனில் இரண்டு மாதம் தங்கி, நம் இசையைக் கற்றார். அகராதியோடு அப்பா தேடிய நாட்டுக்கு மகள் நேரிலேயே வந்து சேர்ந்தார்.

இன்று இரவு வேலையெல்லாம் முடிந்தபின், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ‘நெப்டியூன்’ பகுதியைக் கேட்டுப் பாருங்கள். ஏழெட்டு நிமிடம்தான். கடைசியில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, பெண் குரல்கள் மட்டும் மிஞ்சும். பாட்டு எந்த நொடியில் முடிந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் காது தேடிக்கொண்டிருக்கும்.

அந்தக் குரல்களை முதன்முதலில் பாடியவர்கள் ஒரு பாட்டு வாத்தியாரின் மாணவிகள். அரங்கில் இருந்த யாரும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் பாட்டு டீச்சர் இப்போது எங்கே இருக்கிறார்? தொலைபேசி எண் யாரிடமாவது இருந்தால் வாங்கிப் பேசுங்கள். அவர் சொல்லிக்கொடுத்த பாட்டில் ஒரு வரியாவது இன்னும் உங்கள் நினைவில் இருக்கும். அதைப் பாடிக் காட்டுங்கள். சுருதி விலகினாலும் பரவாயில்லை.